கண்ணளவும் மஞ்சள் டேப்பும்

தெருவுக்கே அவள் மெஷின்காரம்மா. வீட்டு முன்னறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு கனமான தையல் மெஷின் நிற்கும். அவள் அதில் உட்கார்ந்துவிட்டால் மாடிவீட்டு அக்கா தன் டிவி சத்தத்தை இரண்டு படி கூட்டிவைப்பாள். ரெக்சின், தார்ப்பாய், கெட்டித் தோல், எதைக் கொடுத்தாலும் அந்த மெஷின் முணுமுணுக்காமல் தைக்கும். முணுமுணுப்பதெல்லாம் அவள் புருஷன்தான்.

அவருக்குக் கார் சீட்டுக்கு உறை போடும் தொழில். ஊர் வைத்த பேர் கண்ணளவு. காரணம், அவர் எதையும் டேப் வைத்து அளந்ததில்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சீட்டின் மேல் நாலு சாண் போடுவார். பிறகு காதில் செருகியிருக்கும் நீலச் சாக்கட்டியை எடுத்து ரெக்சினில் கோடு இழுத்துவிடுவார். கடை வாசலில் பெரிய எழுத்தில் பலகை வேறு: ‘டேப்பும் இல்லை, தப்பும் இல்லை.’ பெயிண்டர் இரண்டாவது வரி கேட்டதற்கு, இதுவே போதும் என்று சொல்லிவிட்டாராம்.

இதில் ஒரே ஒரு சின்ன விஷயம். அவருடைய அளவு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை.

அது தெரிந்த ஒரே ஆள் அவர் பெண்டாட்டி. கல்யாணத்துக்கு முன்னால் அவள் சீருடை தைக்கும் கம்பெனியில் எட்டு வருஷம் சட்டைக் கை தைத்தவள். கால் இன்ச் தப்பினாலும் மேற்பார்வைக்காரி அந்தக் கையை உயரத் தூக்கிக் காட்டி, எல்லோர் முன்னாலும் பிரித்துத் தைக்கச் சொல்வாள். வேலையை விட்டு வரும்போது கம்பெனியின் மஞ்சள் டேப்பும் அவள் கூடவே வந்துவிட்டது. யாராவது கேட்டால் மறதி என்பாள்.

கல்யாணமான முதல் மாதம் அவர் ஒரு வேன் சீட்டுக்கு அளவு கொடுத்தார். புதுப்பெண்ணாயிற்றே, சொன்னபடியே தைத்தாள். உறை முக்கால் சீட்டு வரை வந்து நின்றுவிட்டது. அவர் அசரவில்லை. “வெயில்ல சீட்டு உப்பிடுச்சு” என்றார். அடுத்த உறை தொளதொளவென்று தொங்கியது. “வெயில் கொறஞ்சதும் சுருங்கிடுச்சு” என்றார். மூன்றாவது காருக்கு அவள் வெயிலை நம்பவில்லை.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவாள். அவர் சாப்பிட்டுவிட்டு, கடை ஓரத்தில் சக்கரம் இல்லாமல் கிடக்கும் பழைய வேனின் பின்சீட்டில் படுப்பார். படுத்த ஐந்தாம் நிமிஷம் குறட்டை. முதல் குறட்டை வந்ததும் பைக்குள்ளிருந்து மஞ்சள் டேப் வெளியே வரும். அளப்பாள். அவர் போட்ட கோட்டை ஈரத்துணியால் துடைப்பாள். அதே நீலச் சாக்கட்டியால் சரியான இடத்தில் புதுக்கோடு போடுவாள். அவர் கோடு எப்போதும் லேசாக இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வைக்கூட விடாமல் போடுவாள், திருட்டு என்றால் அதிலும் ஒரு நேர்த்தி வேண்டாமா?

இப்படி இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. சொல்லியிருக்கலாம்தான். முதலில் பயம், அப்புறம் பழக்கம். அதற்கும் அப்புறம், அவர் வாடிக்கையாளரிடம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற தோரணையைப் பார்க்க அவளுக்கே ஆசையாகிவிட்டது. வீட்டில் அவர் பால் வாங்கப் போனால் தயிரோடு வருகிற ஆள். கடையில் மட்டும் அரையடி உயரம் கூடிவிடுவார். அந்த அரையடியைப் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் டாக்டரம்மா தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டே சீட்டு உள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார், கண்ணைப் பறிக்கும் சிவப்பு. கூரை தகரம் இல்லை, கறுப்புத் துணி. கம்பிச் சட்டத்தோடு அதைப் பின்னால் மடித்துச் சீட்டுகளுக்குப் பின்னே போட்டுவிட்டால் கார் திறந்த காராகிவிடும். ஆனால் மடித்த கூரை அங்கே அவசரத்தில் கட்டிய மூட்டை மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். அதை மறைக்க மேலே ஒரு மூடி வேண்டும். அதை அழுத்திப் பூட்டக் காரின் உடம்பிலேயே வரிசையாக டிச் பட்டன்கள் இருந்தன. பழைய மூடி எங்கேயோ தொலைந்துவிட்டது.

“நாளைக்குப் பதினொரு மணிக்கு வேணும். ஞாயித்துக்கிழமை பழைய கார்க்காரங்க எல்லாம் ஒண்ணாப் போறோம்” என்றார் டாக்டரம்மா. “கூரையோட பின்னாடி ஜன்னல் பிளாஸ்டிக்குதான். மடிக்கும்போது அதுல ஒரு கீறல் விழக்கூடாது. மூடியில ஒரு சுருக்கம் தெரியக்கூடாது. நான் பல்லுக்கு மூடி போடுறவ, எனக்குத் தெரிஞ்சுடும்.”

எதிர்க்கடைக்காரன் டம்ளரில் டீயோடு வந்து நின்றான். பெட்டியில் வரும் உறைகளை விற்கிறவன் என்பதால் அவனுக்கு ரெடிமேட் என்றே பேர். “அண்ணே, இது சீட்டு இல்ல. மேடும் பள்ளமுமா இருக்கு. அச்சு வச்சு ஃபேக்டரியில செய்யணும். ஒரு சுருக்கம் விழுந்தா பலகையைக் கழட்டிடுவீங்களா?”

“நானே ஏணி போட்டுக் கழட்டுறேன், போடா” என்றார் கண்ணளவு.

டாக்டரம்மா ஆட்டோவில் போனதும் அவர் கூரையை மடித்தார், ஒரு கண்ணை மூடினார், மேட்டின் மேல் சாண் போட்டார். முன்னிருந்து பின்னுக்கு இரண்டு சாண் நாலு விரல். கறுப்புத் துணியை விரித்துக் கோடு போட்டார். ஒரு மணிக்கு அவள் போகும்போது எல்லாம் முடிந்து, கார் மடித்த கூரையோடு நின்றது. அவர் சாப்பிட்டார், படுத்தார், குறட்டை வந்தது. அவள் டேப்பை மேட்டின் மேல் போட்டாள். இருபத்து மூன்று இன்ச். அவர் கோடு இருபத்தொன்று. “இந்தத் தடவை ரெண்டு இன்ச்சா, மகராசா” என்று வேனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு, துடைத்துவிட்டு மாற்றிப் போட்டாள். பிறகு துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் இன்னொரு வம்பு. மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டிருந்த அவளுடைய கெட்டி விரிப்பைக் காணோம். நீலப்பூ போட்டது. மகள் முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்பியது. விருந்தாளி வந்தால்கூட அதை விரிக்க மாட்டாள். மொட்டைமாடிச் சாவி மாடிவீட்டு அக்காவிடமும் இருந்தது. “எடுத்தவங்க எடுத்த இடத்துல வச்சா நல்லாருக்கும்” என்று மாடிப்படியைப் பார்த்துப் பொதுவாக ஒரு பேச்சு பேசினாள். மேலிருந்து டிவி சத்தம் இரண்டு படி கூடியது. கண்ணளவு குனிந்து குனிந்து சாப்பிட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் விரிப்பு கொடியிலேயே கிடந்தது, ஓரத்தில் நீலமாய் ஒரு தீற்றலோடு. அக்காவுக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மூடியைக் கொண்டுபோய் வெயிலில் காயப்போட்டார்கள். சூடு ஏறினால் துணி கொஞ்சம் இளகும், இழுத்துப் பூட்ட வசதி. பதினைந்து நிமிஷம் கழித்து அவர் பின்பக்க நடுப் பட்டனிலிருந்து தொடங்கினார். டிக். பிறகு இடது, வலது, இடது, வலது. எதிர்க்கடை வாசலில் ரெடிமேட் டீயோடு ஆஜர். கடைசிப் பட்டனும் பூட்டியாயிற்று. மூடி நடுவில் தொப்பென்று உள்வாங்கியது. அப்பாவின் சட்டையைப் போட்ட பிள்ளை மாதிரி நாலு பக்கமும் மடிப்பு மடிப்பாய்த் தொங்கியது.

கண்ணளவு அதைத் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

அவள் கிட்டே போய்த் தொங்குகிற மடிப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். அவர் தப்பலாம், அது தினம் நடப்பது. டேப் தப்புமா?

“வெயில்ல ரொம்ப இளகிடுச்சோ?” என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக வெயிலின் பேரைச் சொன்னது அவள்.

“இல்ல. என் அளவுதான் தப்பு.” அவர் குரல் அடங்கிப் போயிருந்தது. “ஜன்னல் கீறக்கூடாதேன்னு நேத்து விரிப்பெல்லாம் வச்சு எவ்வளவு பதனமா மடிச்சேன். அப்படியும் பாரு.”

“எந்த விரிப்பு?”

அவர் வாயை மூடிக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

“நீலப்பூ விரிப்பா?”

“கொடியில சும்மாதான கெடந்துச்சு. நாலா மடிச்சு ஜன்னல் மேல வச்சு, அதுக்கு மேல கூரையை மடிச்சேன். நீ ஊரைக் கூட்டவும் பயந்துபோய் காலையில கொண்டுபோய்ப் போட்டுட்டேன். இன்னிக்கு என் பழைய சட்டையைத்தான் வச்சு மடிச்சிருக்கேன்.”

வேறொரு நாளாயிருந்தால் அந்த விரிப்புக்காகவே ஒரு வாரம் சண்டை நடந்திருக்கும். அவளுக்கோ வேறொன்று உறைத்தது. மெதுவாகக் கேட்டாள். “விரிப்பை எப்ப வச்சீங்க? அளக்கறதுக்கு முந்தியா, அளந்தப்புறமா?”

“அளந்து, கோடெல்லாம் போட்டப்புறம்தான். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

சும்மா இல்லை. கணக்கு அவள் தலைக்குள் முடிந்துவிட்டது. அவர் சாண் போட்டது வெறும் கூரையின் மேல். அவள் டேப் போட்டது நாலு மடிப்பு விரிப்பை விழுங்கிய கூரையின் மேல். விரிப்பு ஏற்றிவிட்ட மேடுதான் அந்த இரண்டு இன்ச். அப்படியானால் இரண்டு சாண் நாலு விரல் சரி. இடப்பக்கம் சாய்ந்த அந்தக் கோடு சரி. மனுஷன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை சரியாக அளந்திருக்கிறார், அதைத் தன் கையாலேயே ஈரத்துணி போட்டுத் துடைத்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. எதற்கும் நேரம் இல்லை, மணி பத்தே கால்.

“பட்டனையெல்லாம் கழட்டி வைங்க. இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு ஓடினாள். மூன்று தெரு. மொட்டைமாடியில் விரிப்பை உருவும்போது மாடிவீட்டு அக்கா வேறு வேலையாக வந்ததுபோல் பாசாங்கு பண்ணவில்லை, நேராகவே வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“காணாமப் போனது வந்துடுச்சு போல?”

“வந்துடுச்சுக்கா. மறுபடியும் போகப்போகுது. அக்கா, நேத்துப் பேசினது தப்பு, மன்னிச்சுடுங்க. வந்து வெவரமா சொல்றேன்.”

விரிப்பை நாலாக மடித்து ஜன்னல் மேல் வைத்தார்கள், கூரையை அதன்மேல் மடித்தார்கள், மூடியைப் போட்டார்கள். டிக், டிக், டிக். கடைசிப் பட்டனுக்கு அவர் முழங்காலைக் கொடுத்து இழுக்கவேண்டியிருந்தது. மூடி மத்தளம் மாதிரி விறைத்து நின்றது. ரெடிமேட் வந்து இரண்டு சுற்றுச் சுற்றினான். குனிந்து பார்த்தான். டீயை முடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்று தன் கடையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

பதினொன்றுக்கு டாக்டரம்மா வந்தார். பல்லைத் தட்டுவதுபோல் விரல் நுனியால் மூடியை நாலு இடத்தில் தட்டினார்.

“அடேயப்பா! ஒரு சுருக்கம் இல்லையே.”

“உள்ள ஒரு விரிப்பு வச்சிருக்கோம் டாக்டரம்மா” என்றாள் அவள், கூச்சமே இல்லாமல். “ஜன்னலுக்குப் பாதுகாப்பு. எப்ப மடிச்சாலும் அதை நாலா மடிச்சு வச்சுத்தான் மடிக்கணும். மறந்துடாதீங்க. இல்லாம மூடியைப் போடவே கூடாது.”

“நான் ஜன்னல்னு சொன்னதுக்கு விரிப்பே குடுத்தீங்களா? எவ்வளவு அக்கறை!” டாக்டரம்மா ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். “நீலப்பூ வேற. அழகா இருக்கு.”

“அழகாத்தான் இருக்கும்” என்றாள் அவள். அந்தச் சிவப்புக் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். மகளிடம் என்ன சொல்வது என்று அப்போதே யோசனை ஓடியது.

திரும்பினால், கண்ணளவு ஏணியைப் பலகைக்குக் கீழே சாத்திவிட்டு மூன்றாம் படியில் நிற்கிறார். கையில் ஸ்பேனர்.

“என்னங்க பண்றீங்க?”

“சுருக்கம் விழுந்தா கழட்டுறேன்னு சொன்னேன்ல.”

“எங்க விழுந்துச்சு? அவனே நல்லாருக்குன்னுட்டான்.”

“அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல.” அவர் போல்ட்டைத் திருகிக்கொண்டே பேசினார். “விரிப்பு வச்சதாலதான் நின்னுச்சு. ரெண்டு இன்ச். என் கண்ணு போயிடுச்சு. திங்கக்கிழமை கண் டாக்டரைப் பாத்துட்டு, நீ வச்சிருக்கியே அந்த மாதிரி ஒரு டேப் வாங்கிக்கிறேன்.”

ஒரு போல்ட் கழன்று கீழே விழுந்து உருண்டது. பலகை ஒரு பக்கம் சாய்ந்தது, அவர் கோடு மாதிரியே இடப்பக்கம். அவளால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் தப்பாய் இருந்தபோதெல்லாம் ராஜா மாதிரி நின்ற மனுஷன், சரியாய் இருந்த அன்றைக்கு ஏணியில் நின்றுகொண்டு கண் போய்விட்டது என்கிறாரே.

“இறங்குங்க. உங்க கோடு சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு சாண் நாலு விரல். நான்தான் அதை மாத்திட்டேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“மேடு பெருசாத் தெரிஞ்சுது. ஒரு சந்தேகம். நீங்க தூங்கும்போது டேப் வச்சுப் பாத்தேன். உள்ள விரிப்பு இருக்குன்னு எனக்குத் தெரியாதுல்ல? அதான் ரெண்டு இன்ச் கூட்டி வெட்டிட்டேன்.”

“டேப் வச்சியா?”

“ஆமா.”

“என் கோட்டை அழிச்சியா?”

“ஆமாங்க.”

அவர் ஸ்பேனரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “இந்த ஒரு தடவைதானா?”

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை அவளுக்கு நேரம் கிடைத்தது. இத்தனை வருஷ வேன்களும் டாக்சிகளும் கண்முன் வரிசையாக வந்து நின்றன.

“இந்த ஒரே ஒரு தடவைதான்” என்றாள்.

அவர் அவளையே பார்த்தார். கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பிறகு கீழே இறங்கி, உருண்டுபோன போல்ட்டைப் பொறுக்கி, மறுபடி ஏறிப் பலகையை நேராக்கினார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ரெடிமேட் கடையில் அவர் குரல் கணீரென்று கேட்கும். “இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்பு உண்டா? ஒரே ஒரு நாள் இவ டேப்பை எடுத்தா, ரெண்டு இன்ச் போச்சு! ஒரு நல்ல விரிப்பும் போச்சு!” டீக்கடையில் சொன்னார். மாடிவீட்டு அக்காவிடம்கூடச் சொன்னார். அக்கா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அன்றைக்கு மெஷின் ஓடும்போது டிவி சத்தத்தைக் கூட்டவே இல்லை. அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு முறை சரியாய் இருந்ததைக் கெடுத்ததற்கு இந்தத் தண்டனை சின்னதுதான் என்று பட்டது. மஞ்சள் டேப்பைச் சுருட்டி அலமாரியின் அடித்தட்டில், பழைய பட்டன் டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். இனி அதைக் கடைக்குக் கொண்டுபோவதில்லை. உறை முக்கால் சீட்டில் நின்றாலும் சரி, தொளதொளத்தாலும் சரி, இருக்கவே இருக்கிறது வெயில்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு டாக்சி வந்தது, நாலு சீட்டுக்கும் உறை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு போனாள். அவர் சாப்பிட்டார், கையைக் கழுவினார், ஒரு தரம் அவளைப் பார்த்தார், வேனில் ஏறிப் படுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, குறட்டை வந்துவிட்டது.

அவள் டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, ரெக்சினைச் சுருட்டுவதற்காக மேசைப் பக்கம் போனாள். நீலக்கோடு இடப்பக்கம் சாய்ந்து ஓடியது. அதன் மேலேயே, நீலச் சாக்கட்டியும் நனைத்துப் பிழிந்த ஒரு துணியும் இருந்தன. பக்கத்தில் ஒரு டேப். வெள்ளை டேப், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அந்தக் கடைக்குள் அவர் ஒரு டேப்பை வாங்கி வைத்தது அன்றுதான்.

அவள் வேனைப் பார்த்தாள். குறட்டை வந்துகொண்டிருந்தது, வழக்கத்தைவிடச் சத்தமாக, எண்ணிவைத்து விடுவதுபோல ஒரே சீராக. எப்போதிலிருந்து தெரியும் இந்த மனுஷனுக்கு? போன வாரத்திலிருந்தா, முதல் வேனிலிருந்தா? கேட்டால் சொல்லமாட்டார். அவளும் கேட்கப்போவதில்லை.

உறையைப் பிரித்து டேப்பை எடுத்தாள். சீட்டின் மேல் போட்டு அளந்தாள். மேசைக்கு வந்து கோட்டோடு வைத்துப் பார்த்தாள்.

“மூணு விரல் கொறைச்சல்” என்றாள், யாருக்கென்றும் இல்லாமல், ஆனால் வேன் வரைக்கும் கேட்கிற மாதிரி.

குறட்டை ஒரு விநாடி நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.